ராடை ஏன் சூடு பண்ணுகிறோம்?

பன்னிரண்டு நாள் வெல்டிங் பயிற்சி ஒன்றின் முதல் நாள் காலை சார் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். மேசை மேல் ஒரு 7018 ராடு (ஆர்க் என்கிற மின்பொறியில் உருகி ஜாயின்ட்டை நிரப்பும், பூச்சுப் போட்ட கம்பி) பாக்கெட்டைப் பிரித்து வைத்து, "இதை ஏன் ஓவனில் போட்டு எடுக்கிறோம்?" என்றார். எதிரே நாங்கள் பதினாறு பேர். எல்லோரும் ஏற்கெனவே வெல்டிங் வேலையில் இருக்கிறவர்கள்.

"ஈரம் போறதுக்கு சார்."

"சரி. ஈரம் போகலைன்னா என்ன ஆகும்?"

"ஆர்க் சரியா நிக்காது."

"அப்புறம்?"

"ஜாயின்ட்ல ஓட்டை விழும்."

"அப்புறம்?"

அதற்கு மேல் யாரிடமும் பதில் இல்லை. எனக்கு அப்போது ஒன்பது வருட அனுபவம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணனுக்குப் பதினெட்டு வருடம். நாங்கள் உருக்கிய ராடுகளை வரிசையாக வைத்தால் திருச்சியில் தொடங்கி எந்த ஊர் வரை போகும் என்று தெரியாது. ஆனால் மூன்றாவது "அப்புறம்"-க்குப் பதில் தெரியவில்லை.

சார் கரும்பலகையில் படம் போட்டார். ராடின் பூச்சில் இருக்கிற ஈரம் ஆர்க்கின் சூட்டில் பிரியும்போது ஹைட்ரஜன் வருகிறது. ஹைட்ரஜன் அணு மிகச் சிறியது, அதனால் உருகிய இரும்புக்குள் சுலபமாகக் கரைந்துவிடும். இரும்பு இறுகும்போது ஒரு பகுதி வெளியே போகும், மீதி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்டது சும்மா இருக்காது. மெல்ல நகர்ந்து, ஜாயின்ட்டுக்குப் பக்கத்தில் சூடு பட்டுக் கெட்டிப்பட்டுப் போன இடத்தில் போய்ச் சேரும். அந்த இடம் ஏற்கெனவே குளிர்ந்து சுருங்கும் இழுப்பில் விறைத்து நிற்கிறது. அங்கே விரிசல் விடும். வெல்டிங் முடித்தவுடன் பார்த்தால் ஒன்றும் இருக்காது. சில மணி நேரம் கழித்து வரும், சில சமயம் ஒரு நாள், இரண்டு நாள் கழித்தும் வரும். அதனால்தான் சில வகை எஃகில் 48 மணி நேரம் காத்திருந்து அதற்குப் பிறகே சோதனை செய்கிறார்கள் என்றார்.

அவர் சொல்லி முடித்தபோது என் நெஞ்சு படபடத்தது. அதற்கு முந்தைய ஐப்பசியில் நடந்தது ஒன்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதைச் சொல்வதற்கு முன் எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

திருச்சியில், அதுவும் திருவெறும்பூர், துவாக்குடி, அரியமங்கலம் பக்கம் பிறந்தவர்களுக்கு வெல்டிங் என்பது ஏதோ ஒரு தொழில் இல்லை, ஊரோடு வளர்ந்தது. 1960-களில் செக்கோஸ்லோவாக்கியா உதவியோடு பெல் என்கிற பாரத மிகு மின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை இங்கே வந்தது. அனல்மின் நிலையத்துக்கான கொதிகலன் என்றால் கிலோமீட்டர் கணக்கில் குழாய், ஆயிரக்கணக்கில் ஜாயின்ட். அந்த வேலையை வெளியே வாங்கிச் செய்யத் துவாக்குடி சுற்று வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் கம்பெனிகள் முளைத்தன. ஒரு தெருவில் நான்கு வீட்டில் ஒருவர் வெல்டராகவோ ஃபிட்டராகவோ கேஸ் கட்டராகவோ இருப்பார். பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975-ல் இங்கேதான் தொடங்கப்பட்டது. அங்கே இன்ஜினியர்களுக்கும் வெல்டர்களுக்கும் குறுகிய காலப் பயிற்சிகள் நடக்கும். சின்ன வயதில் பஸ்ஸில் போகும்போது அந்த வளாகத்தை எட்டிப் பார்த்திருக்கிறேன். உள்ளே நமக்கு வேலை இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

நான் ஐ.டி.ஐ. படிக்கவில்லை. வெல்டர் பிரிவு ஒரு வருடப் படிப்புதான், அந்த ஒரு வருடம் வீட்டில் சம்பாத்தியம் இல்லாமல் ஓட்ட முடியாத நிலைமை. பத்தாவது முடித்த கையோடு அரியமங்கலத்தில் மாமாவின் கேட் பட்டறையில் சேர்ந்தேன். ஒரு வருடம் கிரைண்டிங், பெயின்ட், ஆங்கிள் தூக்குவது. அப்புறம் ராடைப் பிடிக்கும் ஹோல்டரைக் கையில் கொடுத்தார். மாமா சொல்லிக்கொடுத்த முறை இதுதான்: "சத்தத்தைக் கேளு. அப்பளம் பொரியிற மாதிரி சத்தம் வந்தா சரி. படபடன்னு வந்தா ராடு தூரமாப் போயிடுச்சு. ஒட்டிக்கிட்டா கரன்ட் பத்தலை." இதில் ஒரு வார்த்தை கூடத் தப்பில்லை. ஆர்க்கின் நீளம் ராடுக் கம்பியின் விட்டத்தளவு இருக்க வேண்டும் என்று பிறகு பயிற்சியில் சொன்னார்கள். மாமா அதையே காதுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

கேட்டிலிருந்து கம்பெனி வேலைக்குப் போனது ஆறு வருடம் கழித்து. அங்கே 6013 ராடு போய் 7018 வந்தது. ஓவன் வந்தது. ஓவனிலிருந்து எடுத்த ராடைக் கையில் மாட்டிக்கொள்ளும் சூடான டப்பாவில் வைத்து எடுத்துப் போக வேண்டும், நான்கு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்த ராடைத் திரும்ப ஸ்டோரில் கொடுக்க வேண்டும் என்றார்கள். விதி என்று சொன்னார்கள். ஏன் என்று சொல்லவில்லை. சொல்லாத விதியை ஆள் பார்க்காதபோது மீறுவது மனித இயல்பு. நானும் மீறினேன்.

2010 ஐப்பசி. அடைமழை. ஷெட்டின் ஓரத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. கனமான பிளேட்டில் ஒரு நாசில் (குழாய் பொருத்தும் வாய்) ஜாயின்ட். டப்பாவின் பிளக் எரிந்து போயிருந்தது. ஸ்டோருக்கு நடந்து போனால் நனைய வேண்டும். காலையில் எடுத்து வைத்த ராடே சாயங்காலம் வரை திறந்த பாக்கெட்டில் கிடந்தது, அதையே அடித்து முடித்தேன். கேப்பிங், அதாவது மேலே போடும் கடைசி அடுக்கு, கண்ணாடி மாதிரி வந்திருந்தது. சூப்பர்வைசர் கூடத் தட்டிக்கொடுத்தார். இரண்டு நாள் கழித்து சோதனைக்கு வந்தவர் ஜாயின்ட்டின் ஓரத்திலேயே நீளமாக ஒரு விரிசலைக் காட்டினார். நான் வேண்டுமென்றே கரன்ட்டைக் கூட்டி வைத்து அவசரமாக முடித்ததாக ஃபோர்மேன் எல்லோர் முன்னாலும் திட்டினார். ஒரு வாரம் கிரைண்டிங்கில் போட்டார்கள். நான் கரன்ட்டைக் கூட்டவில்லை. என் கை சரியாகத்தான் ஓடியது. எங்கே தப்பு என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. அந்த மூன்று மாதம் ஜாயின்ட்டைப் பார்க்கும்போதெல்லாம் பயமாக இருந்தது. முடித்துவிட்டு வீட்டுக்குப் போனால் இரவெல்லாம் அது உடைந்துகொண்டிருக்குமோ என்று தோன்றும்.

இந்தப் பயத்தோடுதான் பயிற்சிக்குப் போனேன். பன்னிரண்டு நாள் பயிற்சி. தை மாதம், பொங்கல் கழிந்த வாரம் தொடங்கியது. கட்டணம் என் பத்து நாள் கூலியை விடக் கொஞ்சம் கூடுதல். அதோடு பன்னிரண்டு நாள் கூலியும் போகும். முதலாளியிடம் லீவு கேட்டபோது, "படிச்சிட்டு வேற கம்பெனிக்குப் போயிடுவ, உனக்கு நான் ஏன் லீவு குடுக்கணும்?" என்றார். அவர் பயமும் பொய்யில்லை. அந்தச் சமயம் துவாக்குடியில் வேலை குவிந்து கிடந்தது, நல்ல வெல்டரை அடுத்த கேட்டில் நிற்கவைத்து அழைத்துப் போவார்கள். ஆனாலும், அவர் கம்பெனியில் ரிப்பேருக்குப் போன ஜாயின்ட்டுகளின் செலவைக் கூட்டிப் பார்த்திருந்தால் எங்களில் நான்கு பேரைச் சம்பளத்தோடு அனுப்பியிருப்பார் என்று இன்றும் நினைக்கிறேன். கடைசியில் என் மனைவி காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். அடகு வைத்துப் போனேன்.

முதல் நாள் காலை ஹைட்ரஜனைக் கேட்ட பிறகு, மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் சாரிடம் போய் ஐப்பசியில் நடந்ததைச் சொன்னேன். அவர் இரண்டே கேள்வி கேட்டார். "பிளேட் எவ்வளவு கனம்? ப்ரீஹீட் குடுத்தியா?" நாற்பது மில்லிமீட்டர், மழையில் சில்லென்று இருந்தது, சூடு காட்டவில்லை என்றேன். "அப்ப ஹைட்ரஜனும் இருந்துச்சு, பிளேட்டும் சீக்கிரம் குளிர்ந்து கெட்டியாச்சு, இழுப்பும் இருந்துச்சு. மூணும் சேர்ந்தா விரிசல். ஒண்ணை எடுத்திருந்தாலும் தப்பிச்சிருப்ப" என்றார். திட்டவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று மாதமாகத் தூக்கி வந்த ஒன்றை யாரோ வாங்கி இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

அந்தப் பன்னிரண்டு நாளில் நடந்ததையெல்லாம் எழுதினால் நீளும். சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

ராடின் எண்ணைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். 7018-ல் முதல் இரண்டு இலக்கம் 70. அந்த ராடு உருகி உண்டாகும் உலோகம் ஒரு சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு இழுவையைத் தாங்கும் என்று பொருள். அடுத்த 1, படுக்கையாக, நின்று, தலைக்கு மேல் என்று எல்லா நிலையிலும் அடிக்கலாம் என்பது. கடைசி 8, பூச்சு என்ன வகை என்று சொல்வது; ஹைட்ரஜன் குறைவாக இருக்கும்படி செய்த பூச்சு. ஒன்பது வருடம் கையில் பிடித்த பொருளின் மேல் அதன் ஜாதகமே அச்சடித்திருந்தது, எனக்கு யாரும் படித்துக் காட்டியதில்லை. ஹைட்ரஜன் குறைவாக இருக்க வேண்டும் என்று கவனமாகச் செய்த ராடைத்தான் நான் மழையில் திறந்து வைத்திருந்தேன்.

கணக்கும் போட வைத்தார்கள். கணக்கென்றால் எங்களில் பாதிப் பேர் முகம் சுண்டிப்போகும். ஆனால் இது கைக்குத் தெரிந்த கணக்கு. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கு, 60-ஆல் பெருக்கு, நிமிடத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறாயோ அதால் வகு. 24 வோல்ட், 120 ஆம்பியர், நிமிடத்துக்கு 150 மில்லிமீட்டர் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 1152 ஜூல் சூடு உள்ளே போகிறது. அதே கரன்ட்டில் கையை 100 மில்லிமீட்டருக்கு மெதுவாக்கினால் 1728 ஜூல். மெஷினில் எதையும் தொடவில்லை, கை மட்டும் மெதுவாகியது, சூடு ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. மெதுவாக ஓட்டினால் நன்றாக இறங்கும் என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். சில இரும்புக்கு அந்தச் சூடு ஆகாது, உள்ளே தன்மையே மாறிவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பக்கத்தில் இருந்த பதினெட்டு வருட அண்ணன் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறாம் நாள் எக்ஸ்ரே ஃபிலிம். அதுவரை ஃபிலிம் என்பது எங்களுக்கு ஒரு தீர்ப்பு மட்டும்தான். பாஸ், ரிப்பேர், அவ்வளவே. ஃபிலிமை வெல்டரிடம் காட்டும் வழக்கம் பல இடங்களில் இல்லை. சார் விளக்குப் பெட்டியைப் போட்டு, ஒவ்வொன்றாக மாட்டினார். சின்னக் கறுப்புப் புள்ளிகள் வந்தால் காற்று மாட்டியது. ஒழுங்கில்லாமல் நீண்ட கறுப்பு வந்தால் ஸ்லாக், அதாவது ராடுப் பூச்சின் கசடு. நட்டநடுவில் ரூலர் வைத்துக் கோடு போட்ட மாதிரி கறுப்பு வந்தால் ரூட் (ஜாயின்ட்டின் அடி) வரை இறங்கவில்லை. கறுப்புக்கு நடுவில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தால், டங்ஸ்டன் முனையால் ஆர்க் போடும் டிக் வெல்டிங்கில் அந்த முனை உடைந்து உள்ளே விழுந்திருக்கிறது. டங்ஸ்டன் இரும்பை விட அடர்த்தி என்பதால் கதிரைத் தடுத்து வெள்ளையாகத் தெரிகிறது. பிறகு நாங்கள் அடித்த கூப்பன்களின் (பயிற்சித் துண்டுகளின்) ஃபிலிமையே மாட்டி, "இந்தக் கறுப்பு வந்தப்போ உன் கை என்ன பண்ணிட்டு இருந்துச்சு, யோசி" என்றார். ராடு மாற்றிய இடம். திரும்பத் தொடங்கும்போது கிரைண்ட் பண்ணாமல் அப்படியே ஆரம்பித்த இடம். ஒவ்வொருவருக்கும் ஞாபகம் வந்தது. ஒரு வெல்டரிடம் அவனுடைய ஃபிலிமைக் காட்டாமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று அன்று நினைத்தேன். இப்போதும் அதே கோபம் இருக்கிறது.

ஃபில்லெட் வெல்டிங் (இரண்டு பாகம் சேரும் மூலையில் போடுவது) பாடத்தன்று சார் ஒரு விபத்தைச் சொன்னார். வட கடலில் நார்வே நாட்டின் மிதக்கும் எண்ணெய்த் தளம் ஒன்று, அலெக்ஸாண்டர் கீலாண்ட் என்று பெயர். 1980 மார்ச் 27 அன்று புயலில் கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். அதன் ஐந்து கால்களில் ஒன்று பிய்ந்து போனது. விசாரணையில் தேடிக்கொண்டே போனபோது, ஆரம்பம் ஒரு 6 மில்லிமீட்டர் ஃபில்லெட் வெல்டில் போய் நின்றது. கனம் தாங்குவதற்காகப் போட்ட வெல்டே இல்லை அது. ஒரு கருவியைப் பொருத்துவதற்காகத் தாங்கு குழாயில் பற்றவைத்த சின்னப் பாகம். அதில் இருந்த விரிசல் குழாய்க்குள் நுழைந்து, அலையடிக்க அலையடிக்க வளர்ந்தது. "இது சும்மா பிராக்கெட்தானேன்னு நாம தினமும் சொல்றோம் இல்ல?" என்று கேட்டுவிட்டு சார் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. நாங்களும்.

மீதி நேரமெல்லாம் பூத்தில். 6ஜி பைப். பைப்பை 45 டிகிரி சாய்த்து அசையாமல் மாட்டிவிடுவார்கள். அதைத் திருப்பக் கூடாது, நாம்தான் சுற்றி வர வேண்டும். கீழே குனிந்து மல்லாந்து ஆரம்பித்து, பக்கவாட்டில் எழுந்து, மேலே போய் முடிக்க வேண்டும். ஒரே ஜாயின்ட்டில் எல்லா நிலையும் வந்துவிடும், அதனால் இதில் தேறினால் மற்ற நிலைகளுக்கும் சேர்த்துச் செல்லும். முதல் கூப்பனில் எனக்கு ரூட் இறங்கவில்லை. இரண்டாவதில் அதிகமாக இறங்கி உள்ளே தொங்கியது. எங்கள் குழுவில் இரண்டு பெண்கள். ஒருவர் ஆறு வருடம் கேஸ் கட்டிங் செய்தவர். அவர் மூன்றாவது கூப்பனிலேயே ரூட்டைப் பிடித்துவிட்டார். எப்படி அக்கா என்று கேட்டேன். "நான் மூச்சைப் பார்த்துக்கறேன் தம்பி. இடுப்பை முதல்ல ஒரு இடத்துல சாய்ச்சு நிறுத்திட்டு அப்புறம்தான் ஆர்க் போடறேன்" என்றார். சார் கூட அதை மற்றவர்களுக்குச் சொல்லச் சொன்னார். எனக்கு ஒன்பதாவது கூப்பனில் வந்தது.

இங்கேதான் நான் சொல்ல வந்ததைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு நாளில் என் கை புதிதாக எதையும் பெரிதாகக் கற்றுவிடவில்லை. கை ஒன்பது வருடத்தில் கற்றது. பன்னிரண்டு நாளில் யாரையும் வெல்டர் ஆக்க முடியாது. ஆக்குவேன் என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம். அந்தப் பன்னிரண்டு நாள் எனக்குக் கொடுத்தது, கை செய்துகொண்டிருந்ததற்குக் காரணம். காரணம் தெரிந்த பிறகு கை மாறுகிறது. அன்றிலிருந்து இன்று வரை நான் ஒரு ராடைக் கூடத் திறந்து போட்டதில்லை. யாரும் பார்க்காதபோதும் போட்டதில்லை. அந்த ஹைட்ரஜன் என் கண்ணுக்குத் தெரிகிறது.

குறுகிய காலப் பயிற்சி என்றால் நம் ஊரில் உடனே நினைவுக்கு வருவது வேலை இல்லாத இளைஞர்கள். பள்ளி முடித்த பையனைக் கூட்டி வந்து சில நாள் பயிற்சி, சான்றிதழ், அப்புறம் வேலை. அப்படி நடந்த ஒரு முகாமை நேரில் பார்த்திருக்கிறேன். நாற்பது பேருக்கு ஒரு மெஷின். ஒருவர் அடிக்க முப்பத்தொன்பது பேர் சுற்றி நின்று கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள், கறுப்புக் கண்ணாடி கூட ஐந்துதான் இருந்தது. மூன்றாம் நாள் குழுப்படம் எடுத்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். அந்தப் பையன்களில் ஒருவன் அதை நம்பி ஒரு கம்பெனியில் டெஸ்ட்டுக்குப் போய் ஆர்க் போடத் தெரியாமல் நின்றதை அவன் அப்பா சொல்லிக் கேட்டபோது வயிறு எரிந்தது. ஆரம்பிக்கிறவனுக்கு நீண்ட பயிற்சிதான் வேண்டும். ஐ.டி.ஐ. இருக்கிறது. 1961-லேயே வந்த அப்ரன்டிஸ் சட்டம் இருக்கிறது. அதற்கு நேரம் கொடுத்தே ஆக வேண்டும்.

குறுகிய பயிற்சியின் சரியான இடம் வேலைக்கு நடுவில்தான். நான்கைந்து வருடம் செய்து, ஏன் இப்படி ஆகிறது என்ற கேள்வி மண்டைக்குள் சேர்ந்துவிட்ட ஆளுக்கு அது மழை மாதிரி இறங்கும். வெல்டிங் மட்டும் இல்லை. என் மைத்துனன் கோயம்புத்தூரில் பன்னிரண்டு வருடம் சாதா லேத் ஓட்டியவன். கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி.க்கு மாறும்போது ஆறு நாள் போனான். ஒரு விட்டத்துக்கு எத்தனை ஆர்.பி.எம். என்று அவனுக்கு இரும்பின் நிறத்தைப் பார்த்தே தெரியும். வெட்டும் வேகத்தை ஆயிரத்தால் பெருக்கி, பை (π) என்கிற 3.14-ஆல், விட்டத்தால் வகுத்தால் அதே எண் வருகிறது என்று பார்த்த அன்று இரவு எனக்கு போன் போட்டு அரை மணி நேரம் பேசினான். புதிதாக வந்த பையன்களுக்கு அந்த சூத்திரம் வெறும் சூத்திரம். அவனுக்கு அது பன்னிரண்டு வருடம்.

அரசுத் திட்டங்களிலும் இந்த எண்ணம் இல்லாமல் இல்லை. 2015-ல் தொடங்கிய பிரதம மந்திரி கௌஷல் விகாஸ் யோஜனாவில், ஏற்கெனவே வேலை தெரிந்தவரின் திறமையைச் சோதித்துச் சான்றிதழ் தருவதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. பட்டறையில் கற்றவனுக்கும் ஒரு காகிதம் வேண்டும் என்று யாரோ யோசித்ததற்கே நான் நன்றி சொல்வேன். காகிதம் இல்லாததால் கேட்டிலேயே திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் காகிதத்தோடு நிறுத்திவிடக் கூடாது. அந்த ஆளுக்கு ஃபிலிமைக் காட்ட வேண்டும், ஹைட்ரஜனைச் சொல்ல வேண்டும், கூலி போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கூலி போகும் என்றால் நல்ல ஆள் வர மாட்டான். வேலை இல்லாத நாளில் மட்டும்தான் வருவான்.

பயிற்சிக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: முதலில் போன் செய்து, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை ராடு தருவீர்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் போகாதீர்கள். ஒரு மெஷினுக்கு எத்தனை பேர், நாம் அடித்த துண்டை வெட்டியோ வளைத்தோ காட்டுவார்களா, சொல்லிக்கொடுப்பவர் தானே ஹோல்டர் பிடித்து அடித்துக் காட்டுவாரா என்றும் கேளுங்கள். கட்டடத்தின் படத்தைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள்.

புகையைப் பற்றிப் பாடம் உண்டா என்றும் கேட்க வேண்டும். பட்டறையில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) பைப் அடித்த நாள் இரவு குளிரும் காய்ச்சலுமாகக் கிடப்போம். பாலைக் குடி, வாழைப்பழம் சாப்பிடு என்பார்கள். மறுநாள் சரியாகிவிடும், திரும்ப அடிப்போம். அது துத்தநாகப் புகையால் வருவது என்று தெரியாது. கண்ணில் ஆர்க் அடித்தால் உருளைக்கிழங்கு வில்லை. 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வெல்டிங் புகையையே, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியான முதல் பிரிவில் வைத்தது. எங்கள் சார் அதற்குப் பல வருடம் முன்பே, "உன் தலை புகைக்கு மேல இருக்கா, பக்கத்துல இருக்கா, பார்த்துக்க" என்று ஒவ்வொரு பூத்தாக வந்து தோளைப் பிடித்து நகர்த்துவார். மாமா இருமி இருமிப் போய்ச் சேர்ந்தார். என்ன காரணம் என்று யாரும் பார்க்கவில்லை. அவரையும் ஒருவர் தோளைப் பிடித்து நகர்த்தியிருக்கலாம்.

இன்னொன்று. தகுதி வாங்கிவிட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். பல நாடுகளில் கொதிகலன், பிரஷர் வெஸல் (அழுத்தக் கலன்) வேலைகளில் பின்பற்றும் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்க விதியின்படி, ஒரு வெல்டர் அந்த முறையில் ஆறு மாதம் வெல்டிங் செய்யாமல் இருந்தால் தகுதி போய்விடும். திரும்ப டெஸ்ட் கொடுக்க வேண்டும். வளைகுடாவில் ஷட்டவுன் (ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும்) வேலை முடித்து வந்து, வீடு கட்டி, ஒரு வருடம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். அவர்களுக்கு நான்கு நாள் போதும். கை மறக்கவில்லை, கொஞ்சம் தூசி படிந்திருக்கிறது. அப்படி நான்கு நாள் கொடுக்கும் இடங்கள்தான் மிகக் குறைவு. அனல்மின் ஆர்டர்கள் குறைந்து துவாக்குடியில் பல ஷெட்டுகள் பூட்டிக் கிடந்த வருடங்களில், ஆறு மாதம் கடந்து தகுதி போனவர்கள் பெயின்ட் வேலைக்கும் ஆட்டோவுக்கும் போனார்கள். ஷெட் திறந்தபோது ஆள் இல்லை என்றார்கள்.

அந்தப் பயிற்சிக்குப் பிறகு நானும் வேறு கம்பெனிக்குப் போகவில்லை, முதலாளி பயந்தது போல் நடக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அவரே எங்கள் ஷெட்டில் ஓவனுக்குப் பக்கத்தில் ஒரு பலகை மாட்டச் சொன்னார். அதில் விதி எழுதவில்லை, காரணம் எழுதினேன். காது நகையை மீட்க எட்டு மாதம் ஆனது.

இப்போது நான் கை வெல்டிங் குறைத்துவிட்டேன், சூப்பர்வைசர் வேலை. தெரிந்த ஒருவரின் ஷெட்டில், அவர் லீவு விடும் ஞாயிற்றுக்கிழமைகளில், நான்கு வாரம் ஒரு குழு என்று நானும் இன்னொரு நண்பரும் நடத்துகிறோம். எட்டுப் பேர், நான்கு மெஷின். வேலையில் இருக்கிறவர்கள் மட்டும். ஞாயிறு என்பதால் யாருக்கும் கூலி போகாது. ராடுக்கும் கேஸுக்கும் ஆகிற செலவை எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறோம்.

அடுத்த குழு வைகாசியில். வருகிறவர்கள் முழுக்கை பருத்திச் சட்டை போட்டு வர வேண்டும். பாலியஸ்டர் வேண்டாம், பொறி பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஷூ கட்டாயம். அப்புறம், நீங்கள் அடித்து ரிப்பேர் என்று தள்ளிய துண்டு ஏதாவது வீட்டிலோ பட்டறையிலோ கிடந்தால் துடைக்காமல் அப்படியே எடுத்து வாருங்கள். முதல் நாள் காலை அவற்றை மேசை மேல் பரப்பி வைத்துத்தான் ஆரம்பிப்போம். என்னுடைய இரண்டாவது கூப்பன், ரூட் உள்ளே தொங்கியது, அது எப்போதும் அந்த மேசையில் இருக்கும்.